தாகம் தீராத வண்டி

நான்காவது குளத்திலும் தண்ணீர் மட்டும்தான் இருந்தது.

சர்வேயர் கரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஈர மண்ணை உற்றுப் பார்த்தார். ஆட்டுக் குளம்பின் தடம் இருந்தது. வாத்தின் கால் தடம் இருந்தது. யாரோ வழுக்கி விழுந்து எழுந்த தடம்கூட இருந்தது. அது சற்று முன் அவரே விழுந்தது. சக்கரத் தடம் இல்லை.

"மாமா, அந்த வாத்த விசாரிக்கலாமா?" என்றாள் வாலு. "ரொம்ப நேரமா நம்மளையே பாக்குது. ஏதோ மறைக்குது."

"வாய மூடிட்டு வா."

"மூடிட்டு வந்தா வண்டி கெடைச்சுடுமா?"

சர்வேயர் இடது ஷூவைக் கழற்றிக் கவிழ்த்தார். கொஞ்சம் குளம் கொட்டியது.

அவர் நிலம் அளக்கும் சர்வேயர் இல்லை. இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக நொறுங்கிய வண்டிகளைப் பார்த்து, யார் பொய் சொல்கிறார்கள் என்று எழுதிக் கொடுப்பது அவர் பார்த்த வேலை. ஓய்வு பெற்ற பிறகும் பழைய பெயரும் பழைய புத்தியும் ஒட்டிக்கொண்டன. வாலு அவருடைய அக்கா மகள். வங்கி வேலையை விட்டுவிட்டு மாமாவுக்கு வண்டி ஓட்டுகிறாள். ஏன் விட்டாய் என்று கேட்ட ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு காரணம் சொல்லியிருந்தாள். எல்லாமே நம்பும்படி இருந்தன.

காணாமல் போனது ஒரு நீராவி கார். நூறு வயதைத் தாண்டியது. பச்சை நிறம், பித்தளை விளக்குகள், சைக்கிள் சக்கரத்தைக் கொஞ்சம் சாப்பிட வைத்துப் பெருக்கியது போல நான்கு சக்கரங்கள். இருக்கைக்கு அடியில் கொதிகலன், அதற்கும் அடியில் மண்ணெண்ணெய் அடுப்பு. இப்படிப்பட்ட வண்டி வைத்திருக்கும் ஆறு பேர் ஒரு சங்கம் வைத்து ஆண்டுக்கு ஒருமுறை ஊர் சுற்றக் கிளம்புவார்கள். நேற்று மதியம் மேட்டு விடுதியில் சாப்பிட இறங்கினார்கள். சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் ஐந்து வண்டிகள்தான் நின்றன. ஆறாவது, பல் டாக்டருடையது.

சர்வேயர் போட்ட கணக்கு எளிமையானது. சாதாரணக் காரைத் திருடியவன் நிற்காமல் ஓடலாம். நீராவி காரைத் திருடியவனால் முடியாது. வேலை முடிந்த நீராவியை அந்த வண்டி காற்றில் ஊதித் தள்ளிவிடும்; முப்பது மைலுக்கு ஒருமுறை தொட்டியை நிரப்பியாக வேண்டும். அதற்காகவே வண்டியில் நீளமான குழாய் ஒன்றைச் சுருட்டி வைத்திருப்பார்கள். நுனியைக் குளத்தில் போட்டு ஒரு திருகைத் திருப்பினால் வண்டியே நீராவியின் வேகத்தில் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும்.

"தாகம் எடுத்தவன் தண்ணிக்கு வந்துதான் ஆகணும்" என்று காலையில் சர்வேயர் சொன்னபோது வாலுகூட ஒரு கணம் அசந்து போனாள். சொன்னபோது நன்றாகத்தான் இருந்தது.

விடுதியிலிருந்து மூன்று சாலைகள் பிரிகின்றன. மூன்றிலும் குளம், வாய்க்கால், பெட்ரோல் பங்க் குழாய் என்று ஒன்று விடாமல் பார்த்தாயிற்று. இரவு பெய்த மழையில் பாதித் தடங்கள் போயிருக்கும் என்றாலும், ஆட்கள் இருக்கிறார்களே. இந்த வண்டி தெருவில் போனால் பல் துலக்குகிறவன்கூட வாயில் பிரஷ்ஷோடு வெளியே வந்து பார்ப்பான். யாருமே பார்க்கவில்லை. ஒரு கார் கழுவும் கடைக்காரர் மட்டும், "ஆமாங்க, நீராவில ஓடறது, பாத்தேன், பெருசா இருந்துச்சு" என்று ஆர்வமாக ஆரம்பித்தார். அவர் பார்த்தது ரயில் என்று புரிவதற்கு வெகு நேரம் ஆனது.

"இன்னும் எத்தன குளம் மாமா?"

"இல்ல. தீந்துபோச்சு."

"குளமா, யோசனையா?"

"வண்டிய எடு."

மேட்டு விடுதியின் வாசலிலேயே டாக்டரின் மகள் நின்றிருந்தார். பள்ளி ஆசிரியை. நேற்று மாலையே இவர்களைப் போன் செய்து வரவழைத்தது அவர்தான். சர்வேயரின் ஈர ஷூவைப் பார்த்ததும், கேட்க வந்ததைக் கேட்காமல் விட்டார்.

"அப்பா புகார் எழுதிட்டாரு சார்" என்றார். "இன்ஸ்பெக்டர் இருட்டறதுக்குள்ள வரேன்னு சொல்லிட்டாரு. புகார்ல இவர் பேர்தான் இருக்கு."

இவர் என்றது அவருடைய கணவரை. லிஃப்ட் இன்ஜினியர். ஒன்றாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்த மற்ற ஐந்து பேரை விட்டால், அந்த வண்டியை ஓட்டத் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் டாக்டர், காணாமல் போன நேரத்தில் எல்லோர் முன்னாலும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இன்னொருவர் மாப்பிள்ளை, அவசரமாக இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுத் தனியாக அறைக்குப் போய்விட்டார். காலையில் மாமனாரோடு வாக்குவாதம். போதாததற்கு, பழைய கார்களை வாங்கும் ஒருவரோடு அவர் போனில் பேசியதும் தெரிந்துவிட்டது.

"விலை கேட்டாரு, அவ்வளவுதான். அந்த வண்டி ஆபத்து, வித்துடலாம்னு இவர் ரொம்ப நாளா சொல்லிட்டிருக்காரு. மறைச்சு ஒண்ணும் சொல்லல. அப்பா முகத்துக்கு நேரதான் சொன்னாரு." அவர் குரலைத் தாழ்த்தினார். "போலீஸ் கேஸ்னு ஒண்ணு வந்தா இவரோட லைசென்ஸ நிறுத்தி வெச்சுடுவாங்க. அது போனாலும் சமாளிச்சுக்கலாம் சார். அப்பா அந்தக் காகிதத்தக் குடுத்துட்டா நான் அப்புறம் எங்கப்பா வீட்டு வாசல மிதிக்க முடியாது. இவர் போன்னும் சொல்ல மாட்டாரு, போகாதன்னும் சொல்ல மாட்டாரு. அது இன்னும் மோசம்."

சர்வேயர் தலையாட்டினார். ஆறுதல் சொல்வது அவருக்கு வராது. வாலுவுக்கு வரும், ஆனால் அதற்குள் ஒரு ஜோக் வந்துவிடுமோ என்று பயந்து அவளும் பேசாமல் இருந்தாள்.

விடுதியின் பின்பக்கத் தோட்டத்தில் கல் பாவிய தரையில் வட்ட மேசைகள் போட்டிருந்தார்கள். ஒவ்வொன்றின் மேலும் தரையைத் தொடும் வெள்ளை விரிப்பு. ஓரத்து மேசையில் பல் டாக்டர் நேராக உட்கார்ந்திருந்தார். எழுபது வயது. முன்னால் தேநீர்க் கோப்பை, பேனா, மடித்த காகிதம். நேற்று மதியம் சாப்பிட உட்கார்ந்த அதே மேசை.

"கெடைச்சுதா?" என்றார்.

"இன்னும் இல்ல."

"கெடைக்காது. உருப்படியா ஒண்ணு பண்ணுங்க. எம் மாப்பிள்ளைகிட்ட எங்க வெச்சிருக்கீங்கன்னு கேளுங்க. எங்கிட்ட சொல்ல மாட்டேங்கறாரு."

"அவரு எடுக்கலன்னு சொல்றாரே."

"ரெண்டு முட்டுக்கட்டை வெச்சேன்னும்தான் சொல்றாரு. ஒண்ணுதான் அங்க கெடக்கு. ஒரு விஷயத்துல பொய் சொல்றவரு இன்னொண்ணுல சொல்ல மாட்டாரா?" டாக்டர் கோப்பையைத் தூக்கினார். கை துளிகூட நடுங்கவில்லை. "முப்பத்தஞ்சு வருஷம் பல்லு புடுங்கினவன் நான். கை ஆடக் கூடாது, நாற்காலி ஆடக் கூடாது. ஆடற எதையும் நான் நம்பறதில்ல. நேத்துலேருந்து அவர் குரல் ஆடுது."

பக்கத்து மேசையில் சர்வேயரும் வாலுவும் உட்கார்ந்தார்கள். வாலு முழங்கையை ஊன்றியதும் மேசை ஒருபக்கம் சாய்ந்தது. தேநீர் தட்டில் கொட்டியது. நிமிர்த்தினாள். மறுபக்கம் சாய்ந்து சர்வேயரின் மடியில் கொட்டியது.

"இப்ப மேலயும் நனைஞ்சாச்சு, கீழயும் நனைஞ்சாச்சு" என்றாள் வாலு. அந்தப் பக்கம் வந்த விடுதிக்காரம்மாவைக் கூப்பிட்டாள். "அக்கா, டாக்டர் சாருக்குக் குடுத்த மாதிரி ஆடாத டேபிளா ஒண்ணு குடுங்களேன்."

"ஆடாத டேபிளே எங்ககிட்ட இல்லம்மா. தரை சரியில்ல, எல்லாமே ஆடும்" என்று சொல்லிவிட்டு விடுதிக்காரம்மா துணி எடுக்கப் போனார்.

சர்வேயர் பேன்ட்டைத் துடைத்துக்கொண்டே எழுந்தார். அவருக்கு இருந்த எரிச்சலில் இரண்டு மேசைகளின் வித்தியாசம் மண்டையில் ஏறவில்லை. மாப்பிள்ளையைப் பார்க்க வேண்டும். அதற்கு மேல் செய்வதற்கு எதுவும் மிச்சமில்லை.

மாப்பிள்ளை, வண்டி நின்றிருந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தார். விடுதியின் முன்முற்றத்தில் மற்ற ஐந்து வண்டிகளும் வரிசையாக நிற்க, டாக்டர் மட்டும் வெயிலில் பெயின்ட் வெளுத்துவிடும் என்று மதில் சுவருக்கு வெளியே மரநிழலில் நிறுத்தச் சொல்லியிருந்தார். சரளைக்கல் தரை. மரத்திலிருந்து மேலே மெல்ல ஏறும் மேடு. மேட்டின் உச்சியில் ஆளுயர நாணல். வேறு ஒன்றுமில்லை. சாலை எதிர்ப்பக்கம், கீழே இருந்தது.

"இதுதான் பின் சக்கரத்துக்கு வெச்ச கட்டை" என்று மாப்பிள்ளை கையிலிருந்ததைக் காட்டினார். ஆப்பு வடிவத்தில் அறுத்த மரத்துண்டு. அடியில் கறுப்பு ரப்பர் பட்டை ஆணியடித்து ஒட்டியிருந்தது. "பழைய லிஃப்ட் கதவோட ரப்பர். வழுக்காம இருக்கட்டும்னு நானே அடிச்சேன். பின்னால ஒண்ணு, முன்னால ஒண்ணு. ரெண்டும் வெச்சேன் சார். வெச்சது நல்லா ஞாபகம் இருக்கு."

"தரை பின்பக்கமாதான சரியுது? முன்னால எதுக்கு?"

"அந்தக் கணக்கு மத்த காருக்கு." மாப்பிள்ளை பெருமூச்சு விட்டார். இதைப் பலமுறை சொல்லிக் களைத்த குரல். "இதுல கியர் கிடையாது, கிளட்ச் கிடையாது. நீராவி நேரா சிலிண்டருக்குப் போகும், சிலிண்டர் சக்கரத்தச் சுத்தும். சாப்பிட நிறுத்தினா அடுப்ப சுத்தமா அணைக்க மாட்டோம், மறுபடி சூடாக நேரமாகும். அதனால உள்ள எப்பவும் அழுத்தம் இருக்கும். நீராவிய அடைச்சு வெக்கற வால்வு கொஞ்சம் ஒழுகுது, மாத்தணும்னு காலையிலகூட சொன்னேன். 'என் வண்டியில எதுவும் ஒழுகாது'ன்னு சண்டைக்கு வந்துட்டாரு. சரி, நம்ம பாதுகாப்புக்கு நாம கட்டை வெப்போம்னு வெச்சேன்."

"அப்ப திருடன் ஒரு கட்டைய எடுத்துக்கிட்டு ஒண்ண விட்டுட்டுப் போயிருக்கான்" என்றாள் வாலு. "ஒத்தச் செருப்பத் திருடிட்டுப் போற மாதிரி."

"நீங்களும் நம்பலையா?"

"நான் நம்பறேங்க. திருடனதான் நம்ப முடியல."

சர்வேயர் சரளைக்கற்களைக் காலால் கிளறினார். நேற்றும் கிளறினார். கல் கல்லாகவே இருந்தது. "நான் மத்தவங்கள இன்னொரு தடவ கேட்டுட்டு வரேன். நீ போய் அந்தச் சேற்றுக் கைய கழுவு. மேட்டுக்கு அந்தப் பக்கம் பழைய குவாரித் தண்ணி இருக்காம். சுத்திப் போனா படி இருக்குன்னு சொன்னாங்க."

"அஞ்சாவது குளம்" என்று முணுமுணுத்துக்கொண்டே வாலு போனாள்.

முன்முற்றத்தில் சங்கத் தலைவர் தன் வண்டியின் பித்தளையைத் துடைத்துக்கொண்டிருந்தார். பயணம் நின்றுபோன கோபத்தில் அந்த விளக்கை இன்றைக்கே நான்காவது முறையாகத் துடைப்பதாகச் சொன்னார்.

"சாப்பிடும்போது வண்டி கிளம்பற சத்தம் எதுவும் கேக்கலையா?"

"இதையே நேத்தும் கேட்டீங்க. நீராவி காருக்குக் கிளம்பற சத்தம் கிடையாது சார். பூனை மாதிரி போகும். கேட்டது ஒரே ஒரு சீறல்தான்."

சர்வேயர் நிமிர்ந்தார். "என்ன சீறல்?"

"அது ஒண்ணும் இல்ல. அழுத்தம் அதிகமானா பாதுகாப்பு வால்வு திறந்து புஸ்ஸுனு ஊதும். நிறுத்தின வண்டி அப்படி ஊதினா எங்க கூட்டத்துல மானக்கேடு. அடுப்ப அளவா வெக்கத் தெரியலன்னு அர்த்தம். ஊதினவரு அன்னிக்கு எல்லா வண்டிக்கும் தண்ணி தூக்கணும், அதான் எங்க வழக்கம். நேத்து சாப்பாட்டு நடுவுல பெருசா ஒரு சீறல். வழக்கமா வர்றதவிட ரொம்பப் பெருசு. யாரு, யாருன்னு கேட்டா எல்லாரும் 'என் வண்டி இல்ல, என் வண்டி இல்ல'ன்னுட்டாங்க."

"தண்ணி தூக்கப் பயந்துட்டு."

"அப்படித்தான் நானும் நெனச்சேன். ஓடி வந்து அஞ்சு வண்டியோட அழுத்த மீட்டரையும் பாத்தேன். அஞ்சும் அளவாதான் நிக்குது. யாரையும் மாட்டிவிட முடியல."

"டாக்டர் வண்டி?"

"அது சுவருக்கு அந்தப் பக்கம். சாப்பாடு ஆறுதேன்னு நான் திரும்பிப் போயிட்டேன். அப்புறம் பாத்தா வண்டியே இல்ல. இல்லாத வண்டி எப்படி ஊதும்?"

தலைவர் மறுபடி விளக்கைத் துடைக்க ஆரம்பித்தார். சர்வேயர் நகரவில்லை. ஐந்து பேர் இல்லை என்றார்கள். ஐந்து பேரும் பொய் சொல்லவில்லை. பொய் சொல்லாத ஐந்து பேரைப் பார்ப்பது அவருடைய தொழில் வாழ்க்கையிலேயே புதிது.

அப்போது வாலு திரும்பி வந்தாள். கையை உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

"மாமா, கழுவப் போய் இன்னும் அழுக்காகிட்டேன். தண்ணி மேல ஏதோ எண்ணெ மிதக்குது, வானவில் மாதிரி கலர் கலரா. கர்ச்சீப்பால தொடைச்சா அது வழவழன்னு ஆயிடுச்சு. குவாரிய மூடி வருஷக் கணக்காச்சாம். எவன் அங்க வந்து எண்ணெ ஊத்தறான்?"

சர்வேயர் கர்ச்சீப்பை வாங்கித் தலைவரின் மூக்குக்கு நேரே நீட்டினார். தலைவர் முகர்ந்தார். துடைக்கும் கை நின்றது.

"சிலிண்டர் எண்ணெ" என்றார் மெதுவாக. "நாங்க ஊத்தறது. வேற யாரும் வாங்க மாட்டாங்க."

சர்வேயர் ஏற்கெனவே நடக்க ஆரம்பித்திருந்தார். வாலு பின்னால் ஓடினாள்.

"மாமா, எங்க போறீங்க? சாலை இந்தப் பக்கம்."

"அதான் தப்பு. நேத்துலேருந்து சாலையப் புடிச்சுக்கிட்டுத் திரியறோம். திருடன்னா சாலைலதான் போவான். வண்டி தனியாப் போனா அதுக்கு எதுக்குச் சாலை? மூக்கு எந்தப் பக்கம் இருக்கோ அந்தப் பக்கம் போகும். சூடான கொதிகலன் தண்ணில விழுந்தா சீறும். அந்தச் சீறல் சாப்பாட்டு மேசைக்குக் கேட்டிருக்கு. அப்ப அது தொலைவுக்கே போகல."

"மேட்டுல ஏறியா?"

"கேட்டல்ல? அழுத்தம் இருந்தா அதுக்கு மேடு என்ன, பள்ளம் என்ன."

மரநிழலில் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளை எழுந்து கூடவே வந்தார். மேட்டின் உச்சியில் நாணல் எதுவும் தெரியாதது போல நிமிர்ந்து நின்றது. சர்வேயர் இரண்டு கையாலும் விலக்கிக்கொண்டு உள்ளே போனார். நடுவில், மேலே நிமிர்ந்த தண்டுகளுக்கு அடியில், மடிந்து சேற்றில் பதிந்த தண்டுகள் இரண்டு கோடாகப் போயின. கோடுகள் ஒரு விளிம்பில் முடிந்தன. கீழே குவாரி. பச்சைத் தண்ணீர். தண்ணீருக்குள், கையளவு ஆழத்தில், ஒரு பித்தளை விளக்கு இவர்களை அண்ணாந்து பார்த்தது.

வாலு விளிம்பில் குனிந்து எட்டிப் பார்த்தாள்.

"மூணு சாலை, நாலு குளம்" என்றாள் வாலு. "தண்ணிக்கு வரும், வரும்னு நாம தேடிட்டிருந்தோம். அது நேத்துலேருந்து குடிச்சுக்கிட்டே இருக்கு."

மாப்பிள்ளை சிரிக்கவில்லை. அவருடைய முகத்தில் இருந்த நிம்மதி, குவாரி விளிம்பில் மாமனார் வந்து நின்றதும் போய்விட்டது. தலைவர் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். டாக்டர் வெகுநேரம் தண்ணீரைப் பார்த்தார். பிறகு மாப்பிள்ளையைப் பார்த்தார்.

"திருடலன்னு தெரியுது" என்றார். "கட்டையே வெக்காமப் போயிட்டீங்க. அத மறைக்கத்தான் ரெண்டு வெச்சேன், ரெண்டு வெச்சேன்னு சொல்லிட்டிருந்தீங்க."

"வெச்சேன் மாமா."

"வெச்சிருந்தா முன் கட்டை எங்க? வண்டி முழுங்கிடுச்சா?" டாக்டர் திரும்பி நடந்தார். "திருட்டுன்னு எழுதினத அடிச்சுட்டு வேற எழுதறேன். வண்டியக் கொன்னதுக்கும் சட்டம் இருக்கும்."

டாக்டரின் மகள் நாணலுக்கு வெளியே நின்றிருந்தார். அப்பா தன்னைத் தாண்டிப் போனதைப் பார்த்தார். கணவர் வந்து பக்கத்தில் நின்றதையும் பார்த்தார். எந்தப் பக்கமும் நகரவில்லை.

சர்வேயர் ஆத்திரத்தில் நாணல் தண்டு ஒன்றை ஒடித்தார். வண்டியைக் கண்டுபிடித்துக் கொடுத்து, மாப்பிள்ளையை முன்பைவிட மோசமான இடத்தில் கொண்டுபோய் நிறுத்தியாயிற்று. அந்த முன் கட்டை. சேற்றுத் தடத்தில் இல்லை, சரளையில் இல்லை. வண்டி உதைத்துத் தள்ளியிருந்தால் அங்கேயே கிடக்கும். யாரோ கையால் எடுத்திருக்கிறார்கள். ஒரு மரத்துண்டை எடுத்து ஒருவன் என்ன செய்வான்?

"விடுங்க மாமா" என்றாள் வாலு. "மொதல்ல போய் அந்த ஆடாத டேபிள்ல ஒரு டீயாவது குடிப்போம்."

சர்வேயர் அவளைப் பார்த்த பார்வையில், தான் ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று வாலு பயந்தாள்.

தோட்டத்தில் டாக்டர் அதே மேசையில் உட்கார்ந்து, காகிதத்தைப் பிரித்து, முதல் வரியை அடித்துக்கொண்டிருந்தார். புதிதாக வைத்த தேநீர் விளிம்புவரை நிறைந்திருந்தது. சர்வேயர் எதிரில் வந்து நின்றார். பின்னால் மகளும் மாப்பிள்ளையும் தலைவரும் வந்து நின்றார்கள்.

"டாக்டர், நேத்து நீங்க சாப்பிட உக்காந்தப்ப இந்த டேபிள் ஆடிச்சா?"

"ஆடாமயா? எழுந்து போய்..." என்று ஆரம்பித்தவர் நிறுத்தினார். பேனா காகிதத்திலேயே நின்றது. ஒரு மைப் புள்ளி மெல்லப் பெரிதாகியது.

சர்வேயர் வாலுவைப் பார்த்துத் தலையசைத்தார். அவள் குனிந்து விரிப்பைத் தூக்கினாள். மேசையின் ஒரு காலுக்கு அடியிலிருந்து எதையோ உருவினாள். மேசை டாக்டரின் பக்கமாகச் சாய்ந்தது. கோப்பை நகர்ந்து கவிழ்ந்து, தேநீர் முழுவதும் புகாரின் மேல் ஓடியது.

வாலுவின் கையில் ஆப்பு வடிவ மரத்துண்டு. அடியில் கறுப்பு ரப்பர் பட்டை.

டாக்டர் அதையே பார்த்தார். கோப்பையை நிமிர்த்த அவர் முயலவில்லை.

"சூப்பு வெக்கிறதுக்குள்ள ரெண்டு தடவ ஆடிச்சு" என்றார். யாரிடமும் சொல்வது போல இல்லை. "சின்னதா ஒரு கட்டை கெடைக்குமான்னு வெளிய பாத்தேன். ரெண்டு இருந்துச்சு. தரை பின்பக்கம்தானே சரியுது, முன்னால எதுக்கு வெட்டியா ஒண்ணுன்னு... எடுத்தது ஞாபகமே இல்ல. உக்காந்து சாப்பிட்டேன். நல்லா இருந்துச்சு சாப்பாடு."

வாலு வாயைத் திறந்தாள். சர்வேயர் அவள் காலை மிதித்தார். ஈர ஷூ.

"மாப்பிள்ளை" என்றார் டாக்டர். நிமிர்ந்து பார்க்கவில்லை. "அந்த வால்வு ஒழுகுதுன்னு சொன்னீங்கள்ல."

"ஆமா மாமா."

"எந்தப் பக்கம்?"

மாப்பிள்ளை நேற்றிலிருந்து சேர்த்து வைத்த எதையோ சொல்லத்தான் வாயெடுத்தார் என்று சர்வேயருக்குத் தோன்றியது. மனைவியின் முகத்தைப் பார்த்துவிட்டு அதை விழுங்கினார்.

"வண்டிய வெளிய எடுத்ததும் காட்டறேன்."

முன்பக்கம் ஜீப் வந்து நின்ற சத்தம் கேட்டது. இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தோட்டத்துக்கு வந்தார். ஆறேழு பேர் ஒரு சாய்ந்த மேசையைச் சுற்றி நிற்பதைக் கண்டு தயங்கினார்.

"புகார் குடுக்கணும்னு போன் பண்ணது யாரு?"

"நான்தான்." டாக்டர் நனைந்த காகிதத்தை நுனியில் பிடித்துத் தூக்கினார். எழுத்தெல்லாம் நீலமாக வழிந்தது. "யார் பேர எழுதறதுன்னு ஒரு குழப்பம் இருந்துச்சு. இப்ப தெளிஞ்சுடுச்சு. என் பேர எழுதிக்கங்க."

இன்ஸ்பெக்டர் சர்வேயரைப் பார்த்தார். சர்வேயர் வாலுவைப் பார்த்தார். வாலு, இவ்வளவு நேரம் அடக்கி வைத்திருந்தவள், "டேபிள் மேல ஒரு கேஸ் போடலாம் சார். தூண்டினது அதான்" என்றாள்.

"சார், அதெல்லாம் அப்புறம்" என்று மாப்பிள்ளை முன்னால் வந்தார். "உங்க ஜீப்ல இழுவைக் கயிறு இருக்கா? இருட்டறதுக்குள்ள ஒரு வண்டிய மேல ஏத்தணும்."

ஆட்கள் மேட்டை நோக்கி நடந்தார்கள். தலைவர் மற்ற நான்கு பேரையும் கூப்பிட்டுக்கொண்டு ஓடினார். டாக்டர் கடைசியாக எழுந்தார். வாலுவிடமிருந்து கட்டையை வாங்கி, ரப்பரில் ஒட்டியிருந்த மண்ணை விரலால் தட்டினார். மாப்பிள்ளையை எட்டிப் பிடிக்க வேகமாக நடக்க வேண்டியிருந்தது.

"மேல ஏத்தினதும் சக்கரத்துக்கு இது வேணும்" என்று நீட்டினார். கை லேசாக ஆடியது. "நீங்களே வெச்சுடுங்க மாப்பிள்ளை."

மாப்பிள்ளை கட்டையைப் பார்த்தார். வாங்கவில்லை.

"நீங்க வைங்க மாமா" என்றார். "யாரும் எடுக்காம நான் பாத்துக்கறேன்."